எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால் நாற்பது திட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். அவ்வளவு அழுத்தக்காரர். எதைக் கேட்டாலும் "ம்" என்பார், அல்லது "பாப்போம்" என்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று பல தடவை நேராகவே கேட்டிருக்கிறேன். அதற்கும் "ம்" தான்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். எங்கள் ஆட்கள் நடுவே அவருக்குக் கல்லுவயிறு என்று பேர். பிழைக்க வந்த புதிதில் நாலு பேர் ஒரே அறையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்களாம். மற்ற மூன்று பேருக்கும் மிஞ்சியதையெல்லாம் இவர்தான் வழித்துத் தின்பாராம். பழசு, புளித்தது, ஆறிப்போனது என்று ஒன்றையும் விடமாட்டார். "கல்லைத் தின்னாலும் கரைக்கிற வயிறு" என்று அவரே தட்டிக் காட்டியதில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளில் அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து, இந்த மனுஷனுக்குச் சமைத்துப் போட்டே என் அக்கா ஓய்ந்துவிடுவாள் என்று நான் பயந்தது உண்மை.

வேலை ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சூடான பெரிய உருளைகளுக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் அது காய்ந்து மொடமொடவென்று வெளியே வரும். அத்தான் இந்தப் பக்கத்து ஆள். உருளைச் சத்தத்தில் யார் எந்தப் பாஷையில் பேசினாலும் காதில் விழாது. பத்து நாட்டு ஆட்கள் அங்கே கையைக் காட்டியும் தலையை ஆட்டியுமே வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தார்கள். பேசாமல் இருப்பதற்கென்றே ஒரு வேலை இருந்தால் அது அத்தானுக்குத்தானே கிடைக்கும்? அதனால் இந்த ஊர்ப் பாஷை அவர் நாக்கில் ஏறவே இல்லை. காலை வணக்கம், சம்பளம், லீவு, சூடு, நிறுத்து என்று ஒரு கைப்பிடி வார்த்தைகள்தான். அக்காவுக்கு அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது வேன் ஓட்டவும், ஓட்டும்போது திட்டவும் மட்டும் போதும்.

ஆகவே அந்த வீட்டுக்கு வாய் என்று இருந்தது அவர்கள் பெண் ஒருத்திதான். இங்கேயே பிறந்தவள். ஏழு வயதிலிருந்து பேங்கிலும், வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரரிடமும், கரண்ட் ஆபீசிலும் அவள்தான் அம்மா அப்பாவுக்காகப் பேசுவாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, ஆனால் வாய் மட்டும் வக்கீல் வாய். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்" என்று டீச்சர் புகார் சொன்னபோது, அதையும் இவளையே சொல்லச் சொன்னார்கள். இவள் அம்மாவிடம் திரும்பி, "நான் ரொம்ப நல்லா பேசறேன்னு சொல்றாங்கம்மா" என்றாள். அக்கா பூரித்துப்போய் டீச்சரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். டீச்சர் என்ன நினைத்திருப்பாள் என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது அத்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். கல்லுவயிறு வெளியில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். வந்தாலும் தண்ணீரோடு சரி. ஊருக்கு வெளியே போகலாம் என்று நான் வேனை எடுத்தால், "நீங்க போயிட்டு வாங்க" என்பார். வேலைக்குப் போகிற நாளில் காலையில் ஒன்றும் தொடமாட்டார். உடம்பு இளைத்தது. கேட்டால், "வயசாகுதுல்ல, வாயக் கட்டணும்" என்பார். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

என் முதலாளியிடம் கையைக் காலைப் பிடித்து அத்தானுக்கு ஒரு வேன் வேலை வாங்கினேன். சூடு இல்லை, நிற்க வேண்டாம், சம்பளமும் கூட. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி வந்த வேலை. அத்தான் "பாப்போம்" என்றார். மறுநாள் வேண்டாம் என்றுவிட்டார். நான் குதித்தேன்.

"ஏன் அத்தான், அந்த நெருப்புல நின்னு வேகறது அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"பழகிடுச்சு மச்சான்."

ஆறு மாசம் அவரோடு நான் பேசவில்லை. உருளைக்குப் பின்னால் பத்தடியில் கக்கூஸ் இருக்கிறது, வேனில் இல்லை, விஷயம் அவ்வளவுதான். இது எனக்குத் தெரிய பதினோரு வருஷம் ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தார். யாரையும் தொட விடமாட்டார். என் அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்க்கிற பெண்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் ஒரு துணி எனக்குப் போடமாட்டார்" என்று சொல்லித் திரிந்தாள். நாலு வீட்டில் அதனால் சண்டையே வந்தது.

ஒரு நாள் உருளை முன்னாலேயே அத்தான் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் போய் வந்தால்தான் வேலைக்கு வரலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் வேண்டுமென்றால் தமிழ் தெரிந்த ஆள் ஒருவரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். அந்த ஆள் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அம்மாள். நல்லவள்தான், ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "வேண்டாம், எங்க பொண்ணு இருக்கா" என்று அக்கா சொல்லிவிட்டாள். பத்து வயதுப் பிள்ளை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, கூட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் குறைவாம், சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். "டாக்டர் வேற எதுவும் கேக்கல" என்றார் அத்தான். அக்கா நிம்மதியாகச் சமைக்கப் போனாள்.

எங்கள் ஆட்களின் புத்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பிழைக்க வந்த இடத்தில் நோய் என்று ஒன்றைச் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும், பெண்ணுக்கு இடம் அமையாது, ஊருக்குச் செய்தி போய் அங்கே நாலு பேர் அழுவார்கள். அதனால் யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல. சளியா? இல்லை. சர்க்கரையா? இல்லை. பாட்டன் எதில் செத்தார்? நன்றாகத்தான் இருந்தார், செத்துவிட்டார்.

பெண்ணுக்கு இருபத்தொரு வயதாகி, கல்லூரியில் கடைசி வருஷம் வந்தபோதுதான் அந்தப் பதில் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

முதலில் வயிற்று வலி. "சூடு" என்றாள் அக்கா. பிறகு மாலையானால் காய்ச்சல். அதன் பிறகு எடை இறங்கி, போன வருஷத்துச் சட்டை தோளில் நிற்காமல் வழுக்கியது. அவள் எங்களிடம் சொன்னது பாதிதான் என்று பிற்பாடு தெரிந்தது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? அவளும் அப்பாவைப் போலவே வாயைக் கட்டிக்கொண்டு, சாப்பிடாமல் கல்லூரிக்குப் போயிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, புண்ணாகி, வழி குறுகியிருக்கிறது என்றார்கள். முதலில் பார்த்த டாக்டர் இளைஞர். அம்மா அப்பா எந்த நாடு என்று கேட்டார், சொன்னோம். உடனே முகத்தில் ஒரு தெளிவு. உங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குடலில் இப்படி வந்தால் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும் என்றார். குடலிலிருந்து கிள்ளி எடுத்துப் பார்த்த சதையில் உறுதியாக ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் மாத்திரையை ஆரம்பிப்போம் என்றார்.

காசநோய் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க பரம்பரையிலேயே கிடையாது. நீ அவர்கிட்ட சொல்லு!" என்று மகளை உலுக்கினாள். பாவம், காய்ச்சலில் படுத்திருக்கிறவளே எழுந்து உட்கார்ந்து, தன் நோயைப் பற்றி டாக்டர் சொல்வதை அம்மாவுக்கும், அம்மா அழுவதை டாக்டருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாசம் மாத்திரை தின்றாள். மாத்திரைச் சாயத்தில் சிறுநீர் செக்கச்செவேல் என்று போனதுதான் மிச்சம். காய்ச்சல் நிற்கவில்லை. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவளைக் கட்டிலிலிருந்து தூக்க நான் ஒருத்தனே போதும். தூக்கி வளர்த்த பிள்ளை.

இந்தத் தடவை பார்க்க வந்தது வயதான ஒரு டாக்டரம்மா, குடல் நோய்க்கே பேர் போனவர். நின்றுகொண்டு பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது காசநோயாகவும் இருக்கலாம், குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம் என்றார். அதாவது உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற நோய். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். அழற்சிக்குக் கொடுக்கிற மருந்து உடம்பின் எதிர்ப்பை அடக்கும். உள்ளே காசநோய் இருந்தால் அது தீயாய்ப் பரவிவிடும். காசநோய் என்றே நினைத்து இன்னும் காத்திருந்தால், குடல் அடைத்துக்கொண்டு வெட்டி எடுக்க வேண்டி வரும். இரண்டு நாளில் ஏதாவது ஒரு பக்கம் முடிவு எடுத்தாக வேண்டும்.

"இது எங்க ஆளுங்களுக்கு வர்ற நோயே இல்லியே. டின்ல சாப்பிடறவங்களுக்கு வர்றதுதானே?" என்றாள் அக்கா. மகள் அதையும் சொன்னாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. பெரியவர்களாகி இங்கே குடியேறியவர்களுக்கு இது பொதுவாகக் குறைவுதான் என்றார். குழந்தையாக வந்தவர்களுக்கு அதைவிட அதிகமாம். இங்கேயே பிறந்தவர்கள் என்று வந்துவிட்டால், இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. சில கூட்டத்தாருக்கு அதற்கும் மேலே. எதனால் என்று முழுசாக யாருக்கும் தெரியாதாம். சாப்பாடு, சின்ன வயதில் தின்ற மருந்துகள், குடலில் குடியிருக்கும் கிருமிகள், ரத்த வழி என்று எல்லாம் சேர்ந்த விவகாரமாம். "அப்பா அம்மா எந்த நாடு என்று மட்டும் பார்த்தால் போதாது. இவள் எங்கே வளர்ந்தாள், வீட்டில் யாருக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்."

மகள் இதை எங்களுக்குச் சொல்லிவிட்டு, காய்ந்த உதட்டோடு சிரித்தாள். "அதாவது மாமா, பேச்சு உங்க ஆளு. குடல் மட்டும் இந்த ஊர்க்காரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இளைஞன் இவளைப் பார்க்காமல் எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்து வைத்தியம் செய்திருக்கிறான் என்று வயிறு எரிந்தது. அப்புறம் நினைத்தேன், அவனைச் சொல்லி என்ன, நாங்கள் மட்டும் அவனுக்கு வேறு எதையாவது சொன்னோமா?

டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். மகள் உடனே எங்களுக்குச் சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி கேக்கறாங்க?" என்றாள் அக்கா.

"வீட்ல வேற யாருக்காவது ரொம்ப நாளா குடல் கோளாறு இருக்கான்னு கேக்கறாங்க. இருந்தா எந்த நோய்னு முடிவு பண்ண அது பெரிய உதவியாம்."

"எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

அக்கா சொல்லிவிட்டாள். டாக்டரம்மா காத்திருந்தார். மகள் அதைச் சொல்லவில்லை. ஜன்னல் ஓரமாக நின்றிருந்த அத்தானைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஒரு தடவ மயக்கம் போட்டீங்களே, நான் கிளினிக் கூட்டிட்டுப் போனேனே."

"ம்."

"அந்த டாக்டர் உங்களுக்கு மலத்துல ரத்தம் போகுதான்னு கேட்டார்ப்பா. ரெண்டு தடவ கேட்டார். எனக்கு எப்படிக் கேக்கறதுன்னே தெரியல. வெக்கமா இருந்துச்சு. உங்ககிட்ட, 'வயிறு வலிக்குதாப்பா'ன்னு கேட்டேன். நீங்க லேசான்னு சொன்னீங்க. ரத்தம் இல்லன்னு நானே அவர்கிட்ட சொல்லிட்டேன்."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனாவை மூடி மடியில் வைத்துவிட்டார். அத்தான் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"டாக்டர் கேக்கவே இல்லியேன்னு..." என்று ஆரம்பித்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேக்காததால பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேம்மா. மூலம்னு நெனச்சுக்கிட்டேன். அவர் கேட்டிருந்தாலும், உன்ன வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லியிருப்பேனோ."

"இப்ப கேக்கறேன்ப்பா. போகுதா?"

"போகுது."

"அப்பலேந்தா?"

"அதுக்கும் முன்னாடியே. சில மாசம் நிக்கும். திரும்ப வரும்."

அதன் பிறகு அவள் டாக்டரம்மாவைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் அவளுக்கே மனப்பாடம், இரண்டு மாசமாக அவளைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள்தானே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தூக்கத்தில் எழுப்புகிறதா, போய்விட்டு வந்த பிறகும் போகவேண்டும் போல இருக்கிறதா, போகிற இடத்திலெல்லாம் கக்கூஸ் எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வீர்களா. அத்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவர் ஜென்மத்தில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவள், "எனக்கும்ப்பா" என்றாள். கடைசியில் அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பி, ஒன்று விடாமல், ஒன்றையும் மாற்றாமல் சொன்னாள்.

மறுநாளே அத்தானையும் படுக்க வைத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புண், பழசும் புதுசுமாக. மகளுக்கும் அழற்சிதான் என்றால், இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே நோயின் இரண்டு கிளைகளாம். அப்பாவுக்கு இருப்பதால் மட்டும் மகளுக்கும் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தராசு அழற்சிப் பக்கம் சாய்கிறது என்றார் டாக்டரம்மா. படத்தையும் பழைய சோதனைகளையும் மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, காசநோய் மாத்திரையை நிறுத்தி, அழற்சிக்கான மருந்தை ஆரம்பித்தார். எங்களுக்குப் பக்பக்கென்று இருந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. கத்தி வைக்காமல் மயிரிழையில் தப்பினாள். நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. மருந்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். போன மாசம் அவள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். என்னைப் பழையபடி மரியாதை இல்லாமல் பேசுகிறாள்.

அக்காதான் உடனே தேறவில்லை. அத்தான் உண்மையைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அத்தானோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாலாவது தேவலை, அதுவும் இல்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்த மனுஷன் இத்தனை வருஷம் ரத்தம் போகப் போகத் தனியாக இருந்திருக்கிறான், அந்தத் துணி ஏன் எனக்கு வரவில்லை என்று தெரியாமல் நான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன் என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

இப்படியே மூன்று நாலு வாரம் போயிற்று, மகளும் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு காலையில் நான் போனபோது மூன்று பேரும் மேஜையில் இருந்தார்கள். அக்கா அத்தானுக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

"இன்னிக்கு எத்தன தடவ?"

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டேன்.

"மூணு" என்றார்.

"ரத்தம்?"

"கொஞ்சம். நேத்தைக்கு இது பரவால்ல."

அக்கா தலையை ஆட்டிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குடி?"